பெயிண்டர் வீட்டுச் சந்திரம்மா

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு வரிசை லைன் வீடுகள். அங்கே அந்தக் காலத்தில் வழி கேட்டு வருகிறவர்களுக்கு, "பளபளன்னு ஒரு கதவு தெரியுதே, அதுக்கு ரெண்டு வூடு தள்ளி" என்று அடையாளம் சொல்வார்கள். மற்ற வீடுகளின் கதவுகள் மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, மரத்தின் நிறம்கூடத் தெரியாமல் கிடக்கும். அந்த ஒரு கதவில் மட்டும் முகம் பார்க்கலாம்.

அது முனிகிருஷ்ணனின் வீடு. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஷெட்டில் அவன் பெயிண்டர். பஸ்ஸின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு இழுப்பான். குடிக்க மாட்டான். பெண்டாட்டி மேல் கை வைத்ததில்லை. அவன் குரல் உயர்ந்து அந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை. அவனைக் கட்டிக்கொண்ட சந்திரம்மா கொடுத்துவைத்தவள் என்றுதான் குழாயடியில் பேச்சு.

சந்திரம்மா பொம்மனஹள்ளிக்காரி. அப்போது அது ஓசூர் ரோட்டை ஒட்டிய சின்ன ஊர். அண்ணன் கோவிந்தப்பா எருமை வைத்துக்கொண்டு டவுனுக்குப் பால் ஊற்றி வந்தான். சின்ன வயதில் பனிக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பு வரும். முட்டியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவாள். பெரியவளானதும் அது குறைந்தது. சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து முனிகிருஷ்ணன் பெண் பார்க்க வந்தபோது, "இழுப்புன்னு ஒரு வார்த்த உன் வாயிலருந்து வரக்கூடாது" என்று கோவிந்தப்பா சொல்லிவைத்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, அக்கா தங்கையும் இல்லை. புதுப்பெண் வருகிற வீட்டைத் தயார் செய்ய ஆள் இல்லாததால் தானே செய்தான். கதவு, ஜன்னல், அலமாரி, சுவரில் இடுப்புயரம் எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயிண்டு அடித்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் முடித்தான். காய்வதற்குள் பெண் வந்துவிட்டாள்.

வலது காலை வைத்து உள்ளே வந்த சந்திரம்மா விளக்கு ஏற்றினாள். திரியைத் தூண்டிவிட்டு நிமிர்வதற்குள் நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. மெல்ல வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

"இன்னா, இங்க வந்து நிக்கிற?" என்று முனிகிருஷ்ணன் கேட்டான். ஒவ்வொரு சாமானாக அவளுக்குக் காட்ட வேண்டும் என்று அவன் உள்ளே காத்திருந்தான்.

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் காத்து வாங்கிக்கினு வரேன்."

குழாயடியில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். "பொண்ணுக்கு வூடு புடிக்கல போல கீது" என்றாள். அது அவன் காதில் விழுந்தது. அவன் முகம் சுண்டிப்போனதைச் சந்திரம்மா பார்த்தாள். உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அண்ணனை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் இழுப்பு மறைத்துவைக்கக்கூடிய சாமான் அல்ல. சில மாதங்களிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. "மூச்சு இல்லாத பொண்ண என் தலைல கட்டிட்டாங்க" என்று ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவே இல்லை. அவன் பேசாமல் இருந்ததை அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

ரமா பிறந்தாள். குழந்தை பிறந்தபின் சந்திரம்மாவுக்கு இழுப்பு அடிக்கடி வந்தது. பனி இல்லாத மாதங்களிலும் வந்தது. சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கொஞ்ச நேரத்தில் மார்பில் பூனை கத்தும் சத்தம் ஆரம்பிக்கும். அவள் மிளகுக் கஷாயம் குடித்துப் பார்த்தாள். ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை பிடித்துப் பார்த்தாள். எதற்கும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு லட்சுமம்மாதான் ஒருநாள் பஸ் ஏற்றி ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இலவச வைத்தியசாலைக்கு அழைத்துப்போனாள்.

அங்கே ஜோசஃபின் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். டாக்டர் வருவதற்கு முன் நோயாளிகளை விசாரிப்பது அவள் வேலை. கடுகடுவென்ற முகம். கேள்விகளை விடமாட்டாள்.

"எப்ப வருது? சாப்பிட்ட பிறகா, படுத்த பிறகா?"

"அவரு வந்த பிறகும்மா."

"அவர்னா?"

"வூட்டுக்காரரு."

"அவர் என்ன வேலை பாக்கிறாரு?"

சந்திரம்மா சொன்னாள். ஜோசஃபின் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். வீட்டில் என்னென்ன பெயிண்டு டப்பா இருக்கிறது, எங்கே இருக்கிறது, ஜன்னல் எத்தனை, சமையல் எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாள். டாக்டர் வந்து மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இந்த நெஞ்சுக்குப் பெயிண்டும் டர்பன்டைனும் ஆகாது. வேலைச் சட்டையை வெளியே கழற்றட்டும். டப்பாவை வீட்டில் வைக்கக் கூடாது. எப்போதாவது பெயிண்டு அடித்தே ஆகவேண்டும் என்றால் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, வாசனை அடியோடு போகும்வரை இவள் வேறு இடத்தில் படுக்கட்டும். சுவருக்குச் சுண்ணாம்பு போதும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சந்திரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமும் தன் உடம்பே கெட்டது, தன் தலையெழுத்தே கெட்டது என்று நினைத்திருந்தாள். இப்போது காரணம் கையில் கிடைத்துவிட்டது. எடுத்து வெளியே வைத்துவிடக்கூடிய காரணம்.

அன்று சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இவ்வளவு கவனமாக அவள் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இடையிடையே கேள்வியும் கேட்டான்.

"எல்லா பெயிண்டுமேவா? வார்னிஷும் கூடவா?"

"வார்னிஷ்தான் ஜாஸ்தி ஆகாதாம்."

"ஜன்னல் தொறந்து இருந்தா?"

"தொறந்து இருந்தா கொஞ்சம் தாங்கும். மூடி இருந்தா உயிருக்கே ஆபத்துன்னாங்க அந்த நர்ஸம்மா."

"எவ்ளோ நேரத்துல புடிக்கும்?"

"உடனே புடிச்சிக்குதே. நீங்க பாத்திருக்கீங்கல்ல."

அவன் தலையை ஆட்டினான். சாப்பிட்டுக் கை கழுவினான். ஆணியில் மாட்டியிருந்த வேலைச் சட்டையை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வேலியில் போட்டான். மூலையில் இருந்த டப்பாக்களை வெளியே தகரக்கூரைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். சந்திரம்மா பூஜை மாடத்துக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன்பின் சில மாதம் அவள் நன்றாக இருந்தாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காமல் வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள்.

யுகாதிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனவள் சொன்ன நாளுக்கு வரவில்லை. எருமை கன்று போட்டிருந்தது, அண்ணி படுத்திருந்தாள், அதனால் இன்னும் ஒருநாள் தங்கவேண்டியதாகிவிட்டது. வந்தபோது அவன் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக் கொஞ்சினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மழை பிடித்தது. அவன் வெளியே போய் ஒரு டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்தான். ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சாத்தினான். டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்தான்.

"இன்னாங்க இது?"

"ஜன்னல் கட்ட உரிஞ்சிப்போச்சி. பாக்கல நீ?"

"நர்ஸம்மா சொன்னாங்களே. கதவையாச்சும் தொறந்து வெச்சிக்கலாம்."

"மழ அடிக்கிது. சாரல் உள்ள அடிக்கும். அடிச்ச கெலசம், வேலயே கெட்டுப்பூடும்."

குரலில் கோபம் இல்லை. முகத்திலும் இல்லை. மேலிருந்து கீழாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அடித்தான். சந்திரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மழையில் கூரை ஓரமாக நின்றாள். நனைந்த முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இருமினாள். லட்சுமம்மா தன் கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளிடம் சந்திரம்மா, "உள்ள பெயிண்டு அடிக்கிறாரு" என்றாள்.

"ஞாயித்துக்கெழமையும் சும்மா குந்தாம வூட்டு வேல செய்யிறான் பாரு" என்றாள் லட்சுமம்மா. "எங்க வூட்லயும் ஒண்ணு கீதே, பாயச் சுத்திக்கூட வெக்காது."

தற்செயல் என்றுதான் சந்திரம்மா நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவையும் அப்படியே நினைத்தாள். அது, குழாயடியில் அவனைப்பற்றி அவள் ஏதோ சொன்னதாக யாரோ போட்டுக்கொடுத்த வாரத்தில். அலமாரிக்கு வார்னிஷ் அடித்தான். அப்புறம் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்ததற்கு ஒரு கதவு. ஷெட்டில் மேஸ்திரி அவனைத் திட்டியதற்கு ஒரு பெஞ்சு. அவளால் எதையும் நிரூபிக்க முடியாது. பெஞ்சுக்கு உண்மையிலேயே பெயிண்டு தேவையாகத்தான் இருந்தது. ஏதாவது ஒன்றுக்கு எப்போதும் தேவையாகவே இருந்தது.

அவள் சமாளிக்கக் கற்றுக்கொண்டாள். அறுத்த வெங்காயத்தை மூலைகளில் வைப்பாள். வாளியில் தண்ணீர் நிரப்பி நடுவீட்டில் வைப்பாள். அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து தலைமாட்டில் தொங்கவிடுவாள். இதெல்லாம் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று ஒவ்வொருத்தர் சொன்னது. நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை ஒரு சிமிழில் போட்டு இடுப்பில் சொருகியிருப்பாள். கட்டங்காப்பி போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பாள். படுக்க முடியாத நாட்களில் அரிசிமூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். வாசனை தரைக்கு அருகில் கனமா, மேலே கனமா என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

இவை எல்லாவற்றையும்விட உதவியது ஒன்றுதான். அவன் மனம் கோணாமல் நடந்துகொள்வது. அவன் வருகிற சைக்கிள் சத்தத்திலேயே அன்றைய மனநிலையைத் தெரிந்துகொள்வாள். எதிர்த்துப் பேசுவது நின்றது. பிறகு பேசுவதே குறைந்தது. அண்ணன் வீட்டுக்குப் போவது நின்றது. குழாயடியில் யாராவது சிரித்தால்கூட அவள் சிரிக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பெயிண்டர் பெண்டாட்டிக்குத் தலைக்கனம் என்றார்கள். வீடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் பளபளப்பு ஏறிக்கொண்டே போனது. பூச்சுமேல் பூச்சு ஏறித் தடித்துப்போய்க் கதவு நிலையில் சேராமல் இடித்தது. அவன் ஓரத்தை இழைத்துவிட்டு, இழைத்த இடத்துக்கு மறுபடி பெயிண்டு அடித்தான்.

ஒருமுறை தாங்க முடியாமல் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். கோவிந்தப்பா பால் ஊற்றிவிட்டு அப்படியே வந்தான். முனிகிருஷ்ணன் அவனுக்கு வாழையிலை போட்டுச் சாப்பாடு போடச்சொன்னான். தானே விசிறினான். முனிகிருஷ்ணன் எழுந்து வெளியே போனபோது கோவிந்தப்பா தங்கையிடம் தணிந்த குரலில் கேட்டான்.

"குடிக்கிறானா?"

"இல்லண்ணா."

"அடிக்கிறானா? வேற எவளையாச்சும் வெச்சிக்கினு கீறானா?"

"அதெல்லாம் இல்ல. கோவம் வந்தா பெயிண்டு அடிக்கிறாருண்ணா. எனக்கு மூச்சு நிக்கிது."

கோவிந்தப்பா சுற்றிலும் பார்த்தான். நிலவாசலைத் தடவிப் பார்த்தான்.

"இன்னா சந்திரா, பைத்தியமா உனக்கு? வூட்டுக்குப் பெயிண்டு அடிக்கிறான்னு பஞ்சாயத்து வெச்சா ஊரு சிரிக்காதா? உன் சீக்க மறைச்சிக் கட்டிக்குடுத்தோம். அதப்பத்தி ஒரு வார்த்த பேசாம வெச்சிக்கினு கீறான் அந்த மனுஷன்."

போகும்போது முனிகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பொண்ணு கொஞ்சம் புத்தி கம்மி, அனுசரிச்சிக்குங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனான். முனிகிருஷ்ணன் சிரித்தான். அந்த வாரம் கூரைக் கட்டைகளுக்கு வார்னிஷ் அடித்தான்.

ரமாவுக்கு ஆறு வயது முடிந்தபோது அவளுக்கும் மார்பில் அந்தச் சத்தம் கேட்டது. ஒருநாள் ஓடி விளையாடிவிட்டு வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் ஏறி இறங்கின. சந்திரம்மா ஓடிப்போய் அவள் முதுகைத் தடவினாள். அவனும் பார்த்தான். அவன் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத பயம் இருந்தது. மகள் மேல் அவனுக்கு உயிர். தானே தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினான். தாய்க்குச் சொன்னதையே மகளுக்கும் சொன்னாள் ஜோசஃபின்.

அதன்பிறகு வீட்டுக்குள் பிரஷ் வரவில்லை. மாதங்கள் போயின. குழந்தையின் சீக்கு தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று சந்திரம்மா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் நாக்கும் கொஞ்சம் விட்டுக்கொண்டது.

ரமாவை மேலே படிக்கவைக்க வேண்டாம், கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று அவன் ஒருநாள் காலையில் சொன்னான். "படிக்கட்டுமேங்க" என்றாள் சந்திரம்மா. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. "என்ன மாதிரி வாயில்லாப் பூச்சியா அவளும் ஆகணுமா?" என்றாள்.

அன்று அவனுக்கு விடுமுறை. ரமாவைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டான். கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு அழைத்துப்போனான். லட்சுமம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் புள்ள இங்க இருக்கட்டும்க்கா. உள்ள கொஞ்சம் பெயிண்டு கெலசம் கீது. அந்த வாசன புள்ளைக்கு ஆகாது."

"இருக்கட்டும்ப்பா" என்றாள் லட்சுமம்மா.

அவன் திரும்பி வந்தான். சந்திரம்மா சமையல் தடுப்புக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டான். ஜன்னலைச் சாத்தினான். அவள் எழுந்து வருவதற்குள் நீளப் பெஞ்சை இழுத்துக் கதவை அடைத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பெஞ்சில் வார்னிஷ் டப்பா, பக்கத்தில் டர்பன்டைன் பாட்டில். காலை அகட்டி வைத்துக்கொண்டு, எதிரில் கிடந்த மரப்பெட்டிக்கு நிதானமாக அடிக்க ஆரம்பித்தான்.

சந்திரம்மா நின்றபடி அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் மனதில் ஒரு ஓரம் அவனுக்காக வாதாடிக்கொண்டே இருந்தது. மறதியாக இருக்கலாம், வேலைப்பித்தாக இருக்கலாம், சீக்கு என்பது அவனுக்குப் புரியாமல் இருக்கலாம். இப்போது குழந்தையைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்த ஓரமும் வாயடைத்துப்போனது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றான் அவன், பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு அதற்குமேல் பேச மூச்சு இல்லை. இடுப்பைத் தடவிச் சிமிழை எடுத்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. முந்தானையை அரிசி களைந்த தண்ணீரில் நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஜன்னலிடம் போனாள். பெயிண்டு மேல் பெயிண்டு அடித்து இறுகியிருந்த ஜன்னல் அவள் பலத்துக்கு அசையவில்லை. அவன் தடுக்கவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. அவள் அரிசி களைந்த பாத்திரத்தை எடுத்து ஜன்னல் கட்டையில் அடித்தாள். மறுபடி அடித்தாள்.

அடுத்த வீட்டில் லட்சுமம்மா சத்தம் கேட்டுக் கீரையைக் கீழே வைத்தாள். பிள்ளைக்கு ஆகாது என்று அவன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூரை ஓரத்தில் மழையில் நின்ற சந்திரம்மா, "உள்ள பெயிண்டு அடிக்கிறாரு" என்ற சந்திரம்மா, எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. எழுந்து ஓடிப்போய்க் கதவை இடித்தாள். தன் வீட்டுக்காரனைக் கூப்பிட்டாள். கதவைத் திறந்த முனிகிருஷ்ணன், "இன்னாக்கா, இன்னா ஆச்சி?" என்று அமைதியாகக் கேட்டான். பின்னால் தரையில் சந்திரம்மா நீலம் பாரித்துக் கிடந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். முனிகிருஷ்ணன் தினமும் பார்வையாளர் நேரத்தில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்துடன் வந்தான். தோலை உரித்து, கொட்டை எடுத்து, சுளையை அவள் கையில் வைத்தான். பக்கத்துக் கட்டில்காரி, "இப்பிடி ஒரு புருஷன் கெடைக்க நீ தவம் பண்ணியிருக்கணும்" என்றாள்.

கோவிந்தப்பா வந்தான். லட்சுமம்மா அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்த் தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"புள்ளையப் பத்திரமா உங்க வூட்டுல வுட்டுட்டுத்தானே அடிச்சிருக்கான்? அப்ப நல்ல அப்பன்தானே அவன்" என்றான்.

ஜோசஃபினுக்குச் சேதி போய், வேலை முடிந்தபின் பார்க்க வந்தாள். சந்திரம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. அங்கங்கே மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது. ஜோசஃபின் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"நான் சொன்னதையெல்லாம் நீங்க அவர்கிட்ட அப்படியே சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சாமான எடம் மாத்தி வெப்பாருன்னு நெனச்சி எல்லாத்தையும் சொன்னேம்மா."

ஜோசஃபின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா அடுத்த தடவை நீங்க பிழைக்க மாட்டீங்க. ரிச்சர்ட்ஸ் டவுன்ல எங்க சித்தி இருக்காங்க, பெட்டின்னு பேரு. வீட்டு வேலைக்கு ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பின்கட்டுல ரூம் இருக்கு" என்றாள்.

மறுநாள் சந்திரம்மா முனிகிருஷ்ணனிடம் சொன்னாள். வேலைக்குப் போவதாகவும், ரமாவையும் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள். அவன் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ போ. யாரு வேணாங்கிறாங்க? வூடு உன் வூடு, எப்ப வேணுமின்னாலும் வா. புள்ள எங்கியும் வராது. அது அங்கதான் இருக்கும்."

கோவிந்தப்பாவும் அதையேதான் சொன்னான். பிள்ளை அப்பனிடம்தான் இருக்கவேண்டும், அதுதான் முறை என்றான். லைன் வீட்டுப் பெரிய மனிதர்களும் அதையே சொன்னார்கள். மூச்சு வேண்டுமா, பிள்ளை வேண்டுமா என்று யாரும் வாய்விட்டு அவளைக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்த அன்று அவள் வாசலில் நெடுநேரம் நின்றாள். செத்துப்போனால் பிள்ளைக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

பெட்டி அம்மா வெடுக்கென்று பேசுகிறவள். வேலையில் குறை வைத்தால் விடமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள், வீட்டுக்குப் பெயிண்டு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன் என்றாள். சந்திரம்மாவின் கையிலிருந்த தட்டு நழுவியது. தனக்கு அந்த வாசனை ஆகாது என்று சொன்னாள்.

"ஜோசஃபின் சொன்னா" என்றாள் பெட்டி அம்மா. "அதான் மடத்துல கேட்டிருக்கேன். வாசனை போற வரைக்கும் அங்க சிஸ்டருங்களோட இரு. தட்டைப் பொறுக்கு, காலில குத்திக்காதே."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துபோகிற காரியமாக அது இருந்தது. சந்திரம்மா உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். பெட்டி அம்மா, தட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்து, பழைய தட்டுதான் போ என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ரமாவின் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள். முதலில் ரமா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். கொஞ்ச காலம் போனதும் நடந்து வந்தாள். பிறகு தோழிகள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு வந்தாள். ஒருநாள் வந்து தள்ளி நின்றுகொண்டு கேட்டாள்.

"உனக்கு எங்க வாசன புடிக்கலன்னுதான் போயிட்டியாமே?"

"யாரு சொன்னது?"

"அப்பா. பெயிண்டு கெலசம் செய்யிறவங்க வாசன உனக்கு ஆகாதாம். எனக்கும்தான் இழுப்பு வரும். எனக்கு ஒண்ணும் ஆகலியே. அப்பா பாத்துக்கிறாரு."

உன்னை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்து என்ன செய்தார் தெரியுமா என்று கேட்டுவிடலாம். பத்து வயதுப் பிள்ளை. சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். அந்தக் கையால்தான் சோறு வாங்கித் தின்னவேண்டும். அவள் கொண்டுவந்திருந்த கேக்குத் துண்டைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை மணியடித்து, எல்லாப் பிள்ளைகளும் வந்துபோன பிறகும் ரமா வரவில்லை. பக்கத்து வாசல் வழியாக அவள் சாப்பிடப் போய்விட்டதாகக் காவல்காரர் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒக்கலிபுரத்துச் சேதியெல்லாம் லட்சுமம்மா மூலமாகத்தான். வைத்தியசாலைக்கு வருகிறபோது அவள் பெட்டி அம்மாவின் பின்கட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். முனிகிருஷ்ணன் கோலார் பக்கத்திலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஒருநாள் சொன்னாள். சந்திரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு மூச்சு நல்லாக் கீதா?"

"நல்லாக் கீது. கொரலே தெருமுனை வரைக்கும் கேக்குது." லட்சுமம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீ போன பொறவு அவன் வூட்டுக்குப் பிரஷ்ஷே எடுக்கல சந்திரம்மா. கதவெல்லாம் உரிஞ்சி தொங்குது. அவ கேட்டாக்கூட, எதுக்கு, அப்பிடியே இருக்கட்டும்ங்கிறான்."

சந்திரம்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"ரமா?"

"இஸ்கூலு போவுது. நல்லா வளந்துடுச்சி."

"அவள இன்னான்னு கூப்புடுது?"

லட்சுமம்மா காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மான்னுதான்" என்றாள்.

"நல்லாப் பாத்துக்கிறாளா?"

"பாத்துக்கிறா. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் பாத்துக்கிறா."

சந்திரம்மா தலையை ஆட்டினாள். மடித்த துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, பெட்டி அம்மா கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே போனாள்.